சர்வேயர் வருவதற்குள் கழுவிய வீடு

இரண்டு வருஷத்துக்கு முன், ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை அது. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், ஒரு ஆட்டோ நுழைந்தால் நடந்து வருகிறவர்கள் வீட்டுப் படியில் ஏறி நிற்க வேண்டிய ஒரு தெருவில் எங்கள் வீடு. கீழே ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. மாடியில் ஒரு அறையும் குளியலறையும். பேங்க் லோன் போட்டுக் கட்டினோம். லோன் கொடுத்தபோதே வீட்டுக்கு இன்சூரன்ஸும் எடுக்க வைத்தார்கள். நானும் அதை விடாமல் புதுப்பித்து வந்தேன். எனக்கும் என் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இந்த வீடுதான் என்று அவளைக் கேலி செய்வேன்.

துறைமுகத்தில் வந்து இறங்கும் சரக்கைச் சுங்கத்தில் பேசி வெளியே எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். இதைச் சொல்லாவிட்டால் நடந்தது பாதி விளங்காது. கன்டெய்னருக்குள் தண்ணீர் புகுந்து சரக்கு நனைந்திருந்தால், சேதத்தைக் கணக்கிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்புகிற சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒரு அட்டைப்பெட்டியைக்கூட நகர்த்தக் கூடாது. நனைந்தது நனைந்தபடியே கிடக்க வேண்டும். மனசு கேட்காமல் துடைத்து ஒதுக்கி வைத்துவிட்டால் போச்சு, சர்வேயர் கையை விரித்துவிடுவார். இதை எத்தனையோ வியாபாரிகளிடம் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. அவசரப்பட்டு நனைந்த மூட்டைகளை வெயிலில் காய வைத்த ஒரு பெரிய வியாபாரியை, கூலியாட்கள் எதிரிலேயே, படித்தவர்தானே நீங்கள் என்று கேட்டு வேலை போகும் அளவுக்கு வம்பாகியிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமையும் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் அதே வேலையாகத்தான் நின்றிருந்தேன். பெரிய வெள்ளி லீவில் தேங்கிப்போன சரக்கு, காகித உருளைகள், பாதிக்கு மேல் நனைந்திருந்தன. கதவைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் சர்வேயருக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் மனைவியிடமிருந்து போன் வந்தது. மூச்சு வாங்கப் பேசினாள். மோட்டாரைப் போட்டுவிட்டு, பண்டிகைச் சாமான் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்து கதவைத் திறந்தால் மாடிப்படியிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டுகிறது. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குளியலறைக்கு வரும் குழாய் சுவருக்குள்ளேயே வெடித்து, டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டு, தொட்டித் தண்ணீர் முழுவதும் வீட்டுக்குள் இறங்கியிருக்கிறது. மோட்டார் வேறு ஓடி ஓடித் தொட்டியை நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. ஹாலில் சீலிங் பூச்சு பாளம் பாளமாக விழுந்து கிடக்கிறது. மெத்தை, பீரோ, பிரிட்ஜ் எல்லாம் தண்ணீரில்.

"மெயினை அணைச்சுட்டு வெளிய நில்லு. எதையும் தொடாத. யாரையும் தொட வுடாத. நான் வந்துகினே இருக்கேன்" என்றேன். அவள் சரி என்றாள்.

பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால், பைக் என்ன, ஆள் நடந்து போகக்கூட இடம் இருக்காது. அன்றைக்கு அப்படித்தான் நின்றன. லாரிகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டேன். பாட்டு போட்டார்கள், ஒரு பெண் பேசினாள், புகாரைப் பதிவு செய்துகொண்டு ஒரு நம்பர் கொடுத்தாள். லீவு முடிந்ததும் சர்வேயர் வருவார், அதுவரை சேதமானதை அப்படியே வைத்திருங்கள், போட்டோ எடுத்து வையுங்கள் என்றாள். எனக்கா சொல்லித்தர வேண்டும் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். போட்டோ எடுக்கச் சொல்லலாம் என்று மனைவிக்கு அடித்தால் அவள் எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தேன். எடுக்கவே இல்லை.

எங்கள் தெரு வழக்கம் ஒன்று உண்டு. ஒரு வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால் யாரும் வாசலில் நின்று என்ன ஏது என்று விசாரிக்க மாட்டார்கள். நேரே உள்ளே போய்விடுவார்கள். சாவு வீடானால் ஒருத்தி அடுப்பைப் பற்ற வைத்திருப்பாள், இன்னொருத்தி பிள்ளைகளைத் தன் வீட்டுக்கு இழுத்துப் போயிருப்பாள். மழைத் தண்ணீர் புகுந்தால் வீடு வீடாகப் போய் எல்லோரும் சேர்ந்து இறைப்பார்கள். இந்த வீடு அந்தோணியார் படம் மாட்டிய வீடா, அம்மன் படம் மாட்டிய வீடா என்றெல்லாம் பார்ப்பதில்லை. நானே எத்தனையோ வீட்டில் இறைத்திருக்கிறேன்.

சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தபோது என் வீடு பளபளவென்று இருந்தது.

தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவித் துடைத்திருந்தார்கள். விழுந்த சீலிங் பூச்சை அன்னக்கூடையில் அள்ளிக் கொண்டுபோய் ரயில்வே சுவர் ஓரம் கொட்டிவிட்டார்கள். ஊறிப்போன மெத்தைகளும் உப்பிப்போன பிளைவுட் அலமாரியும் குப்பை லாரியில் ஏறிவிட்டன. பின் தெரு பிளம்பர் பண்டிகை நாள் என்றும் பார்க்காமல் வந்து, வெடித்த குழாயை அறுத்து எடுத்துவிட்டுப் புதுக் குழாய் போட்டு, சிமென்ட் பூசி, உடைந்த துண்டைக் காயலாங்கடையில் போடக் கையோடு எடுத்துப் போய்விட்டார். எங்கள் துணிமணி அத்தனையும் அலசி, தெருவில் இருக்கிற எல்லா மொட்டை மாடியிலும் காய்ந்துகொண்டிருந்தது. என் வேட்டி ஒரு வீட்டில், அவள் கல்யாணப் புடவை இன்னொரு வீட்டில். ஹாலில் ஊதுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள்.

வாசலில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவி எதிர்வீட்டு அக்கா. காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்கிறவர். வயசானவர் என்றாலும் அவ்வளவு பெரிய குரல் தெருவில் வேறு யாருக்கும் கிடையாது. நான் வருவதைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இன்னா நைனா, வூடு எப்டி கீது? நாளைக்குப் பண்டிக. நாறடிச்சு வுட்டுருவோமா?"

எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணின் கையில் டைல்ஸ் கீறி ரத்தம் வந்து, அதில் துணி சுற்றியிருந்தது. யார்டில் வாய் கிழியக் கத்துகிற நான், சூப்பரா கீதுக்கா, ரொம்ப நன்றி என்றேன்.

என் மனைவிக்கு ஆஸ்துமா. நான் சொன்னதை அவள் அவர்களிடம் சொல்லித்தான் இருக்கிறாள். ஆம்பளைங்க அப்படித்தான் சொல்லுவாங்க, தண்ணியில நின்று உனக்கு இழுப்பு வந்தால் யார் பார்ப்பது என்று சொல்லி, அக்கா அவளைத் தன் வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். போன் எங்கள் வீட்டு ஜன்னல் திட்டில் கிடந்து அடித்திருக்கிறது. அன்று ராத்திரி சர்ச்சில் நடந்த பாஸ்கா பூசையில் என் மனைவி கண் கலங்க மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு நின்றாள். நல்ல ஜனங்க என்று என் காதில் சொன்னாள். நான் தலையாட்டினேன். அவளிடம் என்னத்தைச் சொல்வது.

சர்வேயர் உடனே வரவில்லை. லீவு முடிந்தது, அந்த வாரமும் போனது, அப்புறம்தான் வந்தார். சின்ன வயசுக்காரர், மரியாதையான பையன். தரை அவ்வளவு சுத்தமாக இருப்பதைப் பார்த்து ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வீட்டை ரொம்ப நீட்டாக வைத்திருக்கிறீர்கள் என்று மனைவியிடம் சொன்னார். அவளுக்கு ஒரே சந்தோஷம், காபி போட உள்ளே ஓடினாள். அவர் கேட்கப்போகிற கேள்வி ஒவ்வொன்றும் அவர் வாயைத் திறக்கும் முன்னாலேயே எனக்குத் தெரிந்தது. வெடித்த குழாய் எங்கே? மெத்தை எங்கே? விழுந்த பூச்சு எங்கே? போட்டோ இருக்கிறதா? கழுத்தளவு வேலையில் நின்ற எங்கள் தெருப் பெண்கள் யாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கவில்லை. என்னிடம் இருந்தது அன்று சாயங்காலம் நானே எடுத்த சில போட்டோக்கள்தான். அதில் பளபளவென்று ஒரு வீடு இருந்தது. அவர் அதையும் பொறுமையாகப் பார்த்தார். சீலிங்கில் பூச்சு விழுந்த இடத்தையும் சுவர் ஈரத்தையும் குறித்துக்கொண்டு, மேலே எழுதி அனுப்புகிறேன், அங்கிருந்து சொல்லும்வரை ரிப்பேர் எதுவும் ஆரம்பிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதுதான் என்னை ரொம்ப வாட்டியது.

மறுநாள் காயலாங்கடைக்குப் போனேன், அந்தக் குழாய்த் துண்டாவது கிடைக்காதா என்று. ஆள் உயரத்துக்குக் குழாய்க் குவியல். எல்லாம் அறுத்தது, எல்லாம் உடைந்தது. மத்தியானம் வரை வெயிலில் கிளறினேன். கடைக்காரருக்கே பாவமாகப் போய்விட்டது. எதுனா ஒன்றை எடுத்துக்கொண்டு போ தலைவா, பைப்புதானே என்றார். ஒரு துண்டு என் கையில் இருந்தது, பார்க்க அதே மாதிரிதான் இருந்தது, நடுவில் நீளமாக விரிசலும் இருந்தது. கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் குவியலிலேயே போட்டுவிட்டு வந்தேன். நல்லவன் என்பதால் இல்லை, எப்படியும் பிடித்துவிடுவார்கள் என்று தொழில் தெரிந்த பயம்.

அதற்கப்புறம் காத்திருப்புதான். போன் செய்தால் ஃபைல் மெயின் ஆபீசுக்குப் போயிருக்கிறது என்பார்கள். அங்கே கேட்டால் இன்னொரு சர்வேயர் பார்க்க வேண்டும் என்பார்கள். அந்த இன்னொருவர் யார் என்று கேட்டால் பாட்டு போடுவார்கள். வெளியே கத்திரி வெயில் கொளுத்துகிறது, வீட்டுக்குள் சுவர் கசிகிறது. முதலில் படுக்கையறை மூலையில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. துடைத்தேன், திரும்ப வந்தது. பிறகு பீரோவுக்குப் பின்னால், சீலிங்கில், கட்டிலுக்கு மேலே என்று பூஞ்சை ஏறிக்கொண்டே போனது. ஈரத் துணியை மடித்து வைத்தால் வருமே ஒரு நாற்றம், அது வீடு முழுக்க. சுரண்டி எடுத்துப் பூசிவிடலாம் என்று தோன்றும். ரிப்பேர் ஆரம்பிக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்களே. ஒரு தடவை தொட்டுப் பட்டது போதாதா என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மனைவிக்கு இழுப்பு அதிகமாகிக்கொண்டே போனது. ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட வாயைத் திறந்தவளுக்குப் பேச்சு வரவில்லை. உதடு நீலமாக இருந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிழைத்துக்கொண்டாள். டாக்டர் வீட்டைப் பற்றி விசாரித்தார். சொன்னேன். அந்த வீட்டுக்கு இவர்களைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், சுவரெல்லாம் சரி செய்த பிறகு பார்க்கலாம் என்றார்.

நெட்டுக்குப்பத்தில் அவள் தங்கை வீடு. அங்கே கொண்டுபோய் விட்டேன். அனல்மின் நிலையங்களுக்குப் பக்கத்து ஊர், காற்றடித்தால் சாம்பல் பறக்கும். ஈரத்துக்குப் பயந்து சாம்பலுக்குக் கூட்டிப் போன புத்திசாலி நான் ஒருவன்தான். வேறு போக்கிடம் இல்லை. தங்கையும் அவள் வீட்டுக்காரரும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் என் மனைவி அங்கே விருந்தாளி. அவள் எழுந்து ஒரு பாத்திரம் கழுவினால்கூட, நீ உட்காருக்கா என்று பிடுங்கிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் பஸ் பிடித்துப் போவேன். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருப்பாள். வீட்டைப் பற்றிக் கேட்பதைவிடத் தெருவைப் பற்றித்தான் அதிகம் கேட்பாள். எதிர்வீட்டு அக்காவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது, மூணாவது வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததா என்று.

"இங்க யாரும் எட்டிப் பாக்கறதில்லங்க. அங்க இருந்தா ஒருத்தி போனா ஒருத்தி வந்துகினே இருப்பாளுங்க. எப்பங்க வூட்டுக்குப் போவோம்?" என்று ஒரு நாள் கேட்டாள்.

சர்வேயர் வந்ததும் போய்விடலாம் என்றேன். பல ஞாயிறுகள் அதையே சொன்னேன். அப்புறம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் கேட்காமல் இருந்த அந்த ஞாயிறுகள்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தன.

இரண்டாவது சர்வேயர் ஒரு வழியாக வந்தார். வயசானவர், கையில் டார்ச்சு. ஷூவைக் கழற்றவில்லை, கழற்ற வேண்டிய வீடாக அது இப்போது இல்லை. படுக்கையறைச் சுவரில் பூஞ்சையைச் சாவியால் சுரண்டிப் பார்த்தார். சீலிங்கில் டார்ச்சு அடித்துப் பார்த்தார். இது நாள்பட்ட கசிவு, ஒரே நாளில் குழாய் வெடித்து வந்த சேதம் மாதிரித் தெரியவில்லையே என்றார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நீங்கள் தொடாதே என்று சொன்னதால்தானே ஐயா இத்தனை மாசமாக இதை வளர்த்து வைத்திருக்கிறேன் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அவர் அசையவில்லை.

"எனக்குக் கண்ணுக்குத் தெரியறதைத்தான் சார் நான் எழுத முடியும்" என்றார்.

யார்டில் நான் வியாபாரிகளிடம் சொல்கிற அதே பேச்சு.

கம்பெனியிலிருந்து வந்த பதிலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திடீரென்று வெடித்தது என்பதற்கு அத்தாட்சி எதுவும் பாதுகாக்கப்படவில்லை. கண்ணுக்குத் தெரிகிற சேதம் மெல்ல மெல்லக் கசிந்து உண்டானது, அதற்குப் பாலிசியில் இடமில்லை. புதிதாக இருந்ததைக் கழுவிவிட்டோம், காத்திருந்து காத்திருந்து பழசாக்கியதைக் காட்டினோம். மாடிப்படியில் உட்கார்ந்து அதைப் படித்தேன். இருட்டிய பிறகும் எழுந்து விளக்குப் போடத் தோன்றவில்லை. வீட்டில் நான் மட்டும்தானே, யாருக்காகப் போடுவது என்று இருந்தது. இனி அவள் இங்கே வரவே போவதில்லை என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்குப் பட்டது.

ஆபீசில் கூட வேலை பார்க்கிற ஒருவர்தான் யோசனை சொன்னார். கம்பெனியின் குறை தீர்க்கும் பிரிவுக்கு மேல்முறையீடு செய், அன்றைக்கு நேரில் பார்த்தவர்கள் எழுதிக் கொடுத்தால் எடுபடலாம் என்றார். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நடந்ததை ஒரு தாளில் எழுதினேன். என்றைக்கு, எவ்வளவு தண்ணீர், எது எது பாழாகிப்போனது, எதை எதை எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள் என்று. அதை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு அக்காவிடம் போனேன்.

அக்காவுக்குப் படிக்க வராது. மருமகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். மீன் கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், கொஞ்ச நேரத்தில் கழுவுவதை நிறுத்திவிட்டார். இது எதுக்கு நைனா, தண்ணி வந்தது ஊருக்கே தெரியுமே என்றார். கம்பெனிக்காரன் நம்ப மாட்டேன் என்கிறான் அக்கா, வந்து பார்த்தபோது வீடு சுத்தமாக இருந்ததாம் என்று எப்படியோ சொல்லி வைத்தேன். மருமகள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள்.

"அப்போ நாங்க கழுவுனதாலதான் உனுக்குக் காசு வரலியா?" என்று அக்கா கேட்டார்.

அப்படியெல்லாம் இல்லக்கா என்றேன். நான் எழுதிய தாள் மருமகள் கையிலேயே இருந்தது, அதில் அப்படித்தான் இருந்தது. அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கைநாட்டு வைத்தார். நான் வீடு வீடாகப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவரே தாளை எடுத்துக்கொண்டு போய் அன்றைக்கு வந்த அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கி வந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கொஞ்ச நேரம் தணிந்த குரலில் பேசியதை நான் என் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அவ்வளவு மெதுவாகப் பேசி நான் பார்த்ததில்லை. திரும்பி வந்து தாளை நீட்டி, இந்தாங்க சார் என்றார். கல்யாணமாகி அந்தத் தெருவில் நான் குடித்தனம் வைத்த நாளிலிருந்து அவருக்கு நான் நைனா. அன்றைக்கு ஏதோ யோசனையில் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மேல்முறையீட்டுக்கும் பதில் வந்தது. சர்வேயர் பார்வையிடும் முன்பே சேதமடைந்த பொருள்கள் அப்புறப்படுத்தப்பட்டதை, நீங்கள் இணைத்துள்ள அக்கம்பக்கத்தாரின் வாக்குமூலமே உறுதி செய்கிறது என்று எழுதியிருந்தார்கள். எங்கள் பக்கச் சாட்சியை வைத்தே எங்கள் வாயை அடைத்துவிட்டார்கள். அதற்கு மேல் கோர்ட்டு கேஸு என்று அலைய எனக்குத் தெம்பில்லை. கையிலிருந்ததைப் போட்டு, ஆபீசில் முன்பணம் வாங்கி, சுவரைச் சுரண்டிப் புதுசாகப் பூசினேன். ஒயரிங் மாற்றினேன். ஐப்பசி பிறக்கும் முன் அவளைக் கூட்டி வந்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் வீட்டைப் பார்க்காமல் எதிர்வீட்டைத்தான் பார்த்தாள். அக்கா வாசலில் நின்று, வந்துட்டியாம்மா, உடம்பைப் பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மற்றவர்களும் வாசல்வரை வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் வேலை போலிருக்கிறது என்றாள் இவள்.

அந்த வருஷ மழையில், ஒரு நாள் காலையில் தெருத் தண்ணீர் வீடுகளுக்குள் வந்துவிட்டது. எங்கள் ஹாலிலும் கணுக்கால் அளவு. வழக்கம்போல எதிர்ச்சாரியில் பக்கெட்டும் முறமுமாகப் பெண்கள் வீடு வீடாக நுழைந்து இறைத்துக்கொண்டு வந்தார்கள். சத்தமும் கிண்டலுமாக வந்தவர்கள் எங்கள் வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார்கள். படியில் ஒருவர்கூட ஏறவில்லை.

"சார், போட்டோ எடுத்துக்கினீங்களா? எடுத்துட்டு சொல்லுங்க. அப்பால வரோம்" என்றார் அக்கா.

அதில் குத்தலே இல்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். நிஜமாகவே எனக்கு மறுபடி நஷ்டம் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் கேட்டார். பக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மழையில் நனைந்துகொண்டு, பதிலுக்காக நின்றார்.

என் மனைவி உள்ளே குனிந்து இறைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அவங்ககிட்ட இன்னா சொன்னீங்க?"

சொன்னேன். தாளைப் பற்றியும் கைநாட்டைப் பற்றியும் அது எதற்கும் உதவாமல் போனதைப் பற்றியும், அந்தத் தண்ணீரில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. இத்தினி நாளா மனசுல எத வெச்சுகினு இருந்திருப்பாங்க என்று மட்டும் கேட்டாள், என்னிடம் கேட்ட மாதிரியும் இல்லை. பிறகு வாசலுக்குப் போய், உள்ள வாக்கா என்று கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா வந்தார், எல்லோரும் வந்தார்கள். ஆனால் கால்மிதியை எடுப்பதற்கு முன், நாற்காலியை நகர்த்துவதற்கு முன், கதவோரம் ஒதுங்கியிருந்த குப்பையை அள்ளுவதற்கு முன்கூட, இத எடுக்கலாமா சார், இத வெளிய போடலாமா சார் என்று ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்டுக் கேட்டு எடுத்தார்கள். வேலை முடிந்ததும் டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் அவர்கள் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அது நடந்து இப்போது அடுத்த மழையும் வந்து போய்விட்டது. சுவர் காய்ந்துவிட்டது, அவளுக்கு இழுப்பும் பரவாயில்லை, அக்காவும் பார்த்தால் சிரிக்கத்தான் செய்கிறார், வாசலில் நின்றபடி. அவளை எப்படியாவது வீட்டுக்குத் திரும்பக் கூட்டி வந்துவிட வேண்டும் என்றுதான் அத்தனை அலைந்தேன், கூட்டியும் வந்துவிட்டேன். ஆனால் நெட்டுக்குப்பத்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அவள் ஏங்கிய வீடு இதுதானா என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.